திரையைப் பார்க்காதீர்கள், தொடும் விரலைப் பாருங்கள்: ஒரு தொடக்கப்பள்ளிச் செயலாய்வில் கற்றவை

பள்ளிக்கு டேப்லெட் வந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை என்று இப்போது, இந்த நிமிடம், உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் கருவி உங்களுக்கு உதவும். முடியாது என்றால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு தாளும் பொறுமையாகக் கேட்கும் காதும் போதும்.

நான் மதுரைக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 1, 2, 3 மூன்று வகுப்பும் ஒரே அறையில், என் பொறுப்பில். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளில் பிள்ளைகளைப் பிரித்து நடத்துவது எங்களுக்கு இப்போது பழகிவிட்டது. டயட்டில் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) இருந்து செயலாய்வு, அதாவது ஆசிரியரே தன் வகுப்பில் செய்து பார்க்கும் ஆய்வு, செய்ய விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சொன்னபோது நான் பெயர் கொடுத்ததற்குக் காரணம், அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில் எங்கள் பள்ளிக்குச் சில டேப்லெட்டுகளும், வாசிப்புச் செயலி ஒன்றும் கொடுத்திருந்தது. செயலி வெளிநாட்டில் செய்து பல நாடுகளில் விற்கப்படுவது, தமிழ் அதில் பின்னால் சேர்க்கப்பட்டது. கொடுக்க வந்தவர், "டீச்சர், மூணு மாசத்துல பிள்ளைங்க கடகடன்னு வாசிப்பாங்க" என்றார். சரி, அதையே ஆய்வாக எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

முதல் வேலை, செயலியைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பிரதம் அமைப்பு 2005ல் இருந்து பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் தாள் தமிழிலும் இருக்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் ஆகும். இதை வகுப்புக்குள் செய்யாதீர்கள், மற்ற பிள்ளைகள் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள், வராண்டாவில் உட்காருங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் வேண்டாம், ஏனென்றால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, வகுப்பில் எழுந்து நின்றால் பாடத்தை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்வாள். அவளிடம் புதுத்தாளைக் கொடுத்தேன். "கொடி" என்ற சொல்லை "காடி" என்று வாசித்தாள். "கோழி"யை "காளி" என்றாள். "தேள்" அவளுக்கு "தள்". கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது: அவள் கண் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. ககரமும் அதற்குப் பின்னால் துணைக்காலும் தெரிகிறது, அதனால் "கா". முன்னால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இரண்டும் அவளுக்கு அலங்காரம் மாதிரி. உயிர்மெய் வரிசையை வாய்ப்பாடாகச் சொல்லச் சொன்னால் க, கா, கி, கீ என்று பதினெட்டு மெய்க்கும் ஓடுவாள். சொல்லில் வந்தால் தெரியாது. இந்த ஒரு தகவல் எனக்குக் கிடைத்த பிறகு அவளுக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

இப்போது செயலிக்கு வருகிறேன். திரையில் ஒரு கொடியின் படம் வரும், கீழே மூன்று சொற்கள் வரும், சரியான சொல்லைத் தொட்டால் நட்சத்திரம். அதே சிறுமி முதல் சொல்லைத் தொட்டாள், சிவப்பு. இரண்டாவதைத் தொட்டாள், சிவப்பு. மூன்றாவதைத் தொட்டாள், நட்சத்திரம், கைதட்டல் சத்தம், அடுத்த படம். மூன்று தொடுதலுக்கும் சேர்த்து நாலைந்து வினாடிகூட ஆகவில்லை, அவள் கண் சொற்கள் மேல் நிற்கவே இல்லை. அன்று மாலை ஆசிரியர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவள் பெயருக்கு நேரே பச்சை நிறம், அடுத்த நிலைக்குத் தயார் என்று இருக்கிறது. மறுநாள் வராண்டாவில் அதே சொற்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். மறுபடியும் "காடி".

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: ஒரு நாள் முழுக்கப் பிள்ளையின் பின்னால் நின்று திரையைப் பார்க்காமல் விரலைப் பாருங்கள். விரல் நின்று யோசித்துப் போகிறதா, வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறதா என்று. செயலி எண்ணுவது முடித்த பயிற்சிகளை. நமக்கு வேண்டியது வாசிப்பு.

விரலைக் கட்டுப்படுத்த நாங்கள் வைத்த விதி ரொம்பச் சின்னது. இரண்டு பேருக்கு ஒரு டேப்லெட், ஒருவர் சொல்லை வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசித்தது சரி என்று மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் தொடலாம். "சொல்லிட்டுத் தொடு" என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வேகம் குறைந்தது, நட்சத்திரம் குறைந்தது, ஆனால் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு பையன் தன் ஜோடியிடம், "ஏய், முன்னாடி கொம்பு இருக்குல்ல, பாத்துச் சொல்லு" என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்கிறான், அதுவும் அந்தச் சொல் திரையில் இருக்கும்போதே.

ஜோடியாக உட்காரவைப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. பேனர்ஜி, டுஃப்லோ, கோல், லிண்டன் என்ற பொருளியலாளர்கள் நால்வரும் வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்கு விளையாட்டுகள் கொடுத்துச் செய்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். இரண்டாம் ஆண்டில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்தது, இது கல்வி ஆய்வுகளில் பெரிய ஏற்றம். மொழிப்பாடத்தில் ஏற்றம் இல்லை. நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை விற்க வருபவர்கள் யாரும் சொல்வதில்லை, நாம்தான் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அதே லிண்டன் குஜராத்தில் ஞான்சாலா பள்ளிகளில் செய்த இன்னொரு ஆய்வு என் கால அட்டவணையையே மாற்றியது. ஒரே கணினிப் பாடத்தை ஒரு பக்கம் பள்ளி நேரத்தில், ஆசிரியர் நடத்தும் நேரத்துக்குப் பதிலாக வைத்தார்கள். இன்னொரு பக்கம் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்தார்கள். பதிலாக வைத்த இடத்தில் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்றார்கள், கூடுதலாக வைத்த இடத்தில் அதிகமாகக் கற்றார்கள். பாடம் அதேதான், நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் வித்தியாசம். அதனால் நான் டேப்லெட்டுக்கு ஒதுக்கியது, ஒரு குழுவுக்கு நான் நேரடியாக நடத்திக்கொண்டிருக்கும்போது மற்ற குழு வெறுமனே எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும். அரும்பு நிலைப் பிள்ளைகளை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், மொட்டும் மலரும் ஜோடி ஜோடியாகத் திரைக்குப் போவார்கள், அப்புறம் மாறுவோம். என் பக்கத்தில் உட்காரும் நேரம் எந்தப் பிள்ளைக்கும் குறையக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன், இன்றும் இருக்கிறேன். மூன்று வகுப்பு ஓர் ஆசிரியர் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் திரையின் உண்மையான பயன் என்பது என் கருத்து.

கருவியை இறக்கிவிட்டாலே போதும் என்று நம்பிய கதைக்குப் பெரு நாடு இருக்கிறது. நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005ல் 100 டாலர் மடிக்கணினி என்ற யோசனையை முன்வைத்தார், பல நாடுகள் வாங்கின, பெரு மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012ல் வந்தது: ஆய்வில் மடிக்கணினி பெற்ற பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கும் மேல் கணினி இருந்தது, கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் இல்லை. அந்த ஊர் ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் ஏன் தேறவில்லை என்று கடைசியில் அவர்களைத்தானே கேட்டிருப்பார்கள்.

நம் ஊர்ச் செய்தி நம்பிக்கை தருவது. கொரோனா சமயத்தில் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் என்று எல்லாம் ஓடியும் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் 0.73, மொழியில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கல். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது சாயங்காலம் தெருவில் ஒரு பலகையும் சில பிள்ளைகளுமாக உட்கார்ந்த தன்னார்வலர்கள். எங்கள் ஊர் மையத்தை நடத்திய பெண்ணை நான் அறிவேன், பிள்ளை வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கூட்டிவருவார். அதை எந்தச் செயலியும் செய்யாது.

செயலாய்வு செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பயிற்சிகளில் தலைப்பு, கருதுகோள், அட்டவணை என்று படிவம்தான் பேசப்படுகிறது. முதலில், கடைசிச் சோதனையை நீங்களே எடுக்காதீர்கள். பிள்ளை தேற வேண்டும் என்று நமக்கு ஆசை, அதனால் அரைகுறையாக வாசித்தாலும் காது சரி என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வரச்சொல்லுங்கள், அவர் பள்ளியில் நீங்கள் போய் எடுங்கள். முன்பு கொடுத்த பத்தியை மறுபடி கொடுக்க வேண்டாம், அதே கடினத்தில் வேறு பத்தி. ஒரு நோட்டில் திரை நேரத்தைத் தொடக்கம், முடிவு இரண்டையும் எழுதுங்கள், செயலி காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம், திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கும். வருகைப் பதிவையும் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோர் போகும் மாதங்களில் சில பிள்ளைகள் கூடவே போய்விடுவார்கள், அவர்களையும் கூட்டி வகுப்புச் சராசரி போட்டால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

சராசரியைப் பற்றி இன்னொன்று. இருபது பிள்ளைகள்கூட இல்லாத வகுப்பில் விழுக்காடு போட்டு வரைபடம் வரைவதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவோ பயன் தரும். எந்த எழுத்தில் நின்றான், எந்த வாரம் நகர்ந்தான், அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று. என் அறிக்கை அப்படித்தான் இருந்தது. கொம்பைத் தாண்டிப் போன அந்தச் சிறுமி பருவம் முடியும்போது பத்தி நிலைக்கு வந்துவிட்டாள், ஆனால் அதில் செயலியின் பங்கு எவ்வளவு, நான் தினமும் பலகையில் கொம்பைச் சிவப்புச் சுண்ணக்கட்டியில் எழுதியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். ஒப்பிட ஒரு வகுப்பு இல்லாமல் "செயலியால் தேறினார்கள்" என்று எழுதக் கூடாது.

உச்சரிப்பைக் கேட்டுத் திருத்தும் வசதியைப் பற்றியும் சொல்கிறேன். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தவறு சொல்லும் வசதி அந்தச் செயலியில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் ளகரமாகத்தான் வரும், வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். "மழை"யைச் சரியாக வாசித்து "மளை" என்று சொன்ன பிள்ளையைச் செயலி திரும்பத் திரும்பத் தவறு என்றது, எழுத்தே தெரியாமல் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்ன பிள்ளைக்குச் சரி என்றது. மூன்றாவது முறை தவறு என்றதும், மளை என்று சொன்ன அந்தப் பையன் டேப்லெட்டைத் தள்ளிவைத்துவிட்டான். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் உன் வீட்டுப் பேச்சு தவறு என்று ஓர் இயந்திரம் சொல்வதை நான் அனுமதிக்கமாட்டேன், அந்த வசதியை அன்றே அணைத்துவிட்டேன். ழகரத்தை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன், அதற்கு அவசரமில்லை.

நிறுவனங்கள் வரும்போது என்ன கேட்பது? கல்வித் தொழில்நுட்பம் இன்று எல்லை தாண்டிய பெரிய வணிகம், ஒரு நாட்டில் செய்து இன்னொரு நாட்டு மொழியை மேலே ஒட்டி விற்பது அதில் சாதாரணம். யுனெஸ்கோ 2023ல் வெளியிட்ட உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கை இதைப் பற்றித்தான். பிரிட்டனில் இத்துறை நிறுவனங்களில் 7 விழுக்காடுதான் தங்கள் பொருளை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தன என்றும், அமெரிக்காவின் 17 மாநிலங்களில் கேட்டபோது 11 விழுக்காடு ஆசிரியர்களும் நிர்வாகிகளும்தான் வாங்கும் முன் ஆய்வுச் சான்று கேட்டிருந்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. பணம் உள்ள நாடுகளிலேயே இந்த நிலை என்றால் நாம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நான் கேட்பவை இவை. தமிழ்ப் பிள்ளைகளிடம் சோதித்தீர்களா, யார் சோதித்தது, நிறுவனமா வெளியாளா? பிள்ளை எந்த எழுத்தில் தவறுகிறான் என்று எனக்குக் காட்டுமா, அல்லது நட்சத்திர எண்ணிக்கை மட்டும்தானா? இணையம் இல்லாமல் ஓடுமா? இலவச உரிமம் எப்போது முடிகிறது, முடிந்த பிறகு யார் பணம் கட்டுவது? பிள்ளையின் பெயர், குரல்பதிவு எல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? கடைசிக் கேள்விக்கு, டேப்லெட் கொடுக்க வந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நான் செயலியில் பிள்ளைகள் பெயருக்குப் பதிலாகப் பூக்களின் பெயரைப் பதிந்தேன், எந்தப் பூ யார் என்பது என் நோட்டில் மட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாய், "நல்லதுங்க டீச்சர், போன்ல பேரைக் கொடுத்தா என்னென்னமோ கால் வருதுங்க" என்றார்.

மற்றவை அன்றாட வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் 2018ல் இருந்து வரும் கியூ.ஆர். குறியீட்டுக் காணொளிகளில் வேண்டியதை முந்தின இரவே வீட்டில் இறக்கிக்கொண்டு போய்விடுவேன். சார்ஜ் போடும் பொறுப்பு எனக்கு, எண்ணி வைக்கும் பொறுப்பு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஒலியைக் குறைத்தே வைப்போம், இல்லாவிட்டால் ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்காது.

வரும் பருவத்தில் கணக்கை எடுக்கப்போகிறேன், கடன் வாங்கிக் கழித்தல். 42இல் இருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள், 2இல் இருந்து 7 போகாது என்று நிற்பதில்லை. இந்த முறை பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் சேர்கிறார், அவர் வகுப்பில் குச்சிக் கட்டு (பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள்) மட்டும், என் வகுப்பில் குச்சிக் கட்டோடு திரையும். சோதனைத் தாளை இருவரும் சேர்ந்து இந்த வாரம் எழுதுகிறோம், திருத்துவது அவர் தாளை நான், என் தாளை அவர். டேப்லெட்டை அதற்கப்புறம்தான் பெட்டியில் இருந்து எடுப்போம்.